ஆறாவது குரல்

சொலேன் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு பிளக் செருக இடம் தேடினாள். இருந்தவை மூன்று. ஒன்றில் ஆக்ஸிஜன் எந்திரம், ஒன்றில் காற்று மெத்தை, ஒன்றில் மேசை விளக்கு.

"விளக்கைப் பிடுங்கு, பகல்தானே," என்றாள் அம்மா ஒதில், வாசலில் நின்றபடி. "நர்ஸ் சொன்னது காதுல விழுந்துச்சா? சாயந்திரம் தாண்டாதாம். நீ பெட்டியைத் தூக்கிட்டு வந்திருக்க."

"ரெண்டே நிமிஷம்மா."

பெட்டி, அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் புது சிந்தசைசர். பழைய இசைக் கருவிகளின் ஒலியைக் கணினி நிரலாக எழுதி, அந்த நிரலையே விசைகளோடு ஒரு பெட்டிக்குள் அடைத்திருந்தார்கள். அந்த ஒலிகளில் ஒன்று அப்பா மார்சியாலின் பழைய சிந்தசைசரை அளந்து சொலேன் எழுதியது. கிரெனோபிள் நகரில் டிராம் ஓட்டிய மனிதர். சனிக்கிழமையானால் சுற்று ஊர்களின் நடனக் கூடங்களில் வாசிப்பார். அந்தக் கருவியின் உள்சுற்று போன குளிர்காலத்தில் எரிந்துபோனது. இப்போது அதன்மேல் மருந்துப் புட்டிகள்.

அந்தக் கருவிக்குள் ஆறு ஒலிச் சுற்றுகள், ஆறு குரல்கள். விசையை அழுத்த அழுத்த முறைவைத்து ஒவ்வொன்றாக வரும். ஐந்து சுத்தம், ஆறாவது மட்டும் சுருதி இறங்கி வரும். ஊரார் கருவியையெல்லாம் பழுதுபார்த்துக் கொடுத்த அப்பா இதைத் தொடவேயில்லை. சொலேனும் அதை அப்படியே எழுதிவைத்தாள். கம்பெனியில் சோதனை செய்தவர்கள் பிழை என்று திருப்பியனுப்ப, சுருதியை நிமிர்த்திவிட்டாள். போன மாதம் வாசித்துக் காட்டியபோது அப்பா கேட்டது ஒன்றுதான்: "ஆறாவது எங்க?" மூன்று வருட உழைப்புக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது. அழுதுகொண்டே வீடு திரும்பினாள். இன்று காலை ஆறாவதைப் பழையபடி இறக்கிக் கொண்டுவந்திருக்கிறாள். 'இதுதான்' என்று அவர் வாயால் கேட்டுவிட வேண்டும்.

ஒரே விசையைத் தட்டினாள். ஒன்று. போர்வைமேல் அப்பாவின் சுட்டுவிரலும் தட்டியது. இரண்டு, மூன்று, விரல் கூடவே வந்தது. ஆறாவது அசல் மாதிரியே இறங்கி ஒலித்தது.

விரல் மேலெழுந்து அப்படியே நின்றது.

"அப்பா, இதுதானே?"

அவர் முகம் வாசல் பக்கம் இருந்தது. மறுபடி ஆறும் தட்டினாள். மறுபடி விரல் அந்தரத்தில் நின்றது. இன்னும் இறக்க வேண்டுமோ என்று குமிழைத் திருகினாள், ஏற்றினாள், இறக்கினாள். அவருக்கு மூச்சு விட்டுவிட்டு வந்தது.

"என்னதான்ப்பா வேணும்? சொல்லேன்."

அம்மா கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று சமையலறைக்குப் போனாள்.

"இப்ப வாசி," என்று அங்கிருந்து சொன்னாள்.

சொலேன் ஆறு முறை தட்டினாள்.

"மார்சியால்," என்று அம்மாவின் குரல் வந்தது, முப்பது வருடம் சனிக்கிழமை மத்தியானங்களில் ஆறாவது ஒலித்ததும் சமையலறையிலிருந்து வந்த அதே எரிச்சலோடு. "அந்தக் கடைசியைச் சரிபண்ணித் தொலையேன். அடுப்புல பால் திரிஞ்சிடும் போல இருக்கு."

விரல் இறங்கிப் போர்வையில் படிந்தது. உதட்டோரம் லேசாக நெளிந்தது. நாலு மணிக்கு மூச்சு நின்றது.

அடக்கம் முடிந்த மறுநாள் சொலேன் பெட்டியை எடுத்துப்போக வந்தாள். சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஒயரைப் பிடுங்கப் போனவள், விசையை ஐந்து முறை தட்டினாள். கொஞ்சம் தயங்கி ஆறாவதையும் தட்டினாள்.

குழாய்ச் சத்தம் நின்றது. சொலேன் அந்த எரிச்சல் குரலுக்காகக் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் குழாய் மறுபடி திறந்தது.