பந்தயப் படத்தில் இரண்டு பேர்

ஊ சிவராஜ், அதாவது பர்மிய மரியாதையில் சிவராஜ் ஐயா, எங்கே என்று கேட்டால் ரங்கூனை ஒட்டிய இன்சீன் கடைத்தெருவில் பாதிப் பேர் விழிப்பார்கள். ‘ஊ ரேஸ்’ என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட ஒர்க்‌ஷாப்புக்குக் கைகாட்டும். அறுபத்தொன்பது வயதில் அந்த மனுஷருக்குப் பெருமை என்று இருந்தது அது ஒன்றுதான். அதையாவது அடக்கி வாசித்தாரா? கார்புரேட்டர் கழுவ வந்தவன்கூட, அவர் அப்பா பந்தயக் காருக்கு இஞ்சின் பார்த்த கதையை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க முடியும்.

கதைக்குச் சாட்சி சுவரில் தொங்கும் படம். 1955இல் இத்தாலிக்காரர்களின் சிசிலித் தீவில், மலைச் சாலைகளைச் சுற்றி நடந்த ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம். சிவராஜின் அப்பா ஆறுமுகம் ரங்கூனிலிருந்து கப்பல் வேலைக்குப் போனவர். கப்பல் பழுதாகி அங்கே மூன்று வாரம் கிடந்தபோது, பந்தயம் ஓட்டுகிற ஒருவரிடம் கூலிக்குப் போயிருக்கிறார். படத்தில் மூக்கு நீண்ட ஒரு கார், பானெட் திறந்து நிற்கிறது. ஒருவர் இஞ்சினுக்குள் குனிந்திருக்கிறார், முகத்தில் பாதி கிரீஸ். இன்னொருவர் கொஞ்சம் தள்ளி, தொப்பி நிழலில் முகம் தெரியாமல், கையில் துடைப்பத்தோடு நிற்கிறார். பந்தயத்துக்கு முன் சாலையில் கல்லையும் ஆட்டுப் புழுக்கையையும் கூட்டித்தள்ள ஆள் வைத்திருந்தார்கள்.

சிவராஜைப் பெற்ற காய்ச்சலிலேயே அம்மா போய்விட்டாள். அவருக்கு இரண்டு வயதிருக்கும்போது அப்பாவும் நடுக்கடலில் போனார். கப்பல் கம்பெனி அனுப்பிய பெட்டியில் அப்பாவின் படம் என்று இருந்தது இது ஒன்றுதான். சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து, இஞ்சினில் குனிந்திருப்பவர்தான் ஆறுமுகம் என்று முடிவு செய்தார்கள். துடைப்பக்காரரைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? தாத்தா ரங்கூன் முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டியவர். அது தெரிந்த பர்மியப் பையன்கள், பள்ளிக்கூடத்தில் சிவராஜைக் கண்டாலே கையால் கூட்டுவதுபோல் காட்டிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் துடைப்பத்துக்கு மாலை போட யாருக்கு மனசு வரும்? வருஷா வருஷம் திதியன்று சந்தனமும் குங்குமமும் இஞ்சின்காரரின் நெற்றிக்கே போயின.

படத்தை பேஸ்புக்கில் போட்டது மகள் சாந்தி. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூசன் எடுப்பவள். போன வாரம் அதற்கு ஒரு பதில் வந்தது.

“அப்பா, இத்தாலியிலேருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. அந்தக் கார் ஓட்டுனவரோட மகளாம். பந்தயத்தப் பத்தி கண்காட்சி வைக்கிறாங்களாம். அவங்க அப்பா நோட்டுல ரங்கூன்காரங்க ரெண்டு பேரு பேரு இருக்காம். ஆறுமுகம், மாரிச்சாமி. யாரு யாருன்னு தெரியலையாம். நீங்க சொன்னா அப்படியே படத்துக்குக் கீழ எழுதுவாங்களாம். மாரிச்சாமி வீட்டு ஆளுங்க யாரும் கெடைக்கலையாம்.”

கூடவே அன்றைக்கு எடுத்த இன்னொரு படத்தையும் அந்த அம்மாள் அனுப்பியிருந்தார். அதில் துடைப்பக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சிவராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மேடான நெற்றி. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய முன்பற்கள். விறைத்து நிற்கும் இடது காது. தினமும் சவரம் செய்யும்போது அவர் பார்க்கிற அதே முகம். அதே படத்தில் இஞ்சின்காரரும் நிமிர்ந்து நின்றார். களையான முகம்தான், ஆனால் அதில் இந்த வீட்டுச் சாயல் மருந்துக்கும் இல்லை.

அப்பாவின் முகத்தை முதல்முதலாகப் பார்க்கிற மகனுக்குக் கண் கலங்க வேண்டாமா? அவருக்கு வந்தது ‘ஐயோ, இதுவா?’ என்ற எண்ணம்தான்.

“இதுல தாத்தா யாருப்பா?” என்றாள் சாந்தி.

“இஞ்சின் கிட்ட நிக்கிறது.”

“அப்ப இவரு?”

“தொடப்பம் புடிச்சவன் எவனோ. அவன்தான் மாரிச்சாமியா இருக்கும்.”

சாந்தி படத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவள் கண் தன் காதில் நின்ற மாதிரி அவருக்குப் பட்டது.

“நெசமாவாப்பா?”

“அறுவது வருசமா கும்புடுறேன். எனக்குத் தெரியாதா?”

அவள் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு சிவராஜுக்குச் சோறு இறங்கவில்லை. அவன், எவனோ. பெற்ற அப்பாவை அவர் வாயால் அப்படிச் சொல்லியிருக்கிறார். அந்த மாரிச்சாமி என்ன பாவம் செய்தார்? அவர் பார்த்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு, கையில் துடைப்பத்தைக் கொடுத்தாயிற்று. ஏன் என்று கேட்க அவருக்கு ஒரு நாதியும் இல்லை. மறுநாள் டீக்கடையில் பழைய சிநேகிதர் அஸ்கர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஊ ரேஸ், ஒங்க வாப்பா பேரு இத்தாலி வரைக்கும் போவுதாமே” என்று சந்தோஷமாகக் கேட்டார். சிவராஜ் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துவந்தார்.

நாலாம் நாள் பதில் வந்தது. சாந்தி அதைத் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“ரொம்ப நன்றியாம். பேரு எழுதிட்டாங்களாம். அவங்க அப்பா சொன்ன இன்னொரு விசயம் சொல்றாங்க. அந்தப் படத்த எடுக்கச் சொன்னதே தொடப்பம் வச்சிருந்தவருதானாம். ரங்கூன்ல அவரு சம்சாரம் மாசமா இருக்காங்க, பொறக்கப்போற புள்ளைக்குக் காட்டணும், இந்தக் கார் பக்கத்துல நான் நிக்கணும்னு தெனம் வந்து கேட்டாராம். அந்தப் புள்ள ஒங்க அப்பாவா இருக்கும்னு நெனச்சோம், இல்லைன்னு சொல்லிட்டீங்களே, மாரிச்சாமியோட புள்ளைய எப்பவாவது பாத்தா இதச் சொல்லிடுங்கன்னு எழுதியிருக்காங்க.”

சாந்தி போனை மடியில் வைத்தாள். அவளுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது என்று அவள் இருந்த இருப்பிலேயே தெரிந்தது.

சிவராஜ் தலையைக் குனிந்துகொண்டார். இப்போது மாற்றிச் சொன்னால், பாசக்கதை வந்ததும் ஓடிவந்து அப்பா என்று ஒட்டிக்கொண்டவர் ஆவார். சொல்லாவிட்டால், தனக்காக வந்து நின்ற மனுஷரைச் சுவரில் வைத்துக்கொண்டே பக்கத்து ஆளைக் கும்பிட்டுச் சாவார். இரண்டில் எது கேவலம் என்று அவருக்குப் புரியவில்லை.

“எழுதும்மா” என்றார். “தொடப்பம் வச்சிருக்கிறவருதான் ஆறுமுகம். இஞ்சின் வேல பாத்தது மாரிச்சாமி. அந்தப் புள்ள நான்தான்.”

சாந்தி எழுதினாள். “மொதல்ல ஏன் மாத்திச் சொன்னீங்கன்னு கேப்பாங்கப்பா. படம் சரியா தெரியலன்னு போட்டுடவா?”

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

“வேணாம். தெரிஞ்சுதான் சொன்னேன்னு போடு. அப்பா கையில தொடப்பம் இருந்தது வெக்கமா இருந்துச்சுன்னு போடு.”

அதையும் எழுதினாள். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

“ஆறுமுகம் மகன் சிவராஜ்னு முடிக்கவாப்பா?”

சிவராஜ் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார்.

“சிவராஜ்னு மட்டும் போடும்மா” என்றார். “எவனோன்னு சொன்ன வாயால மகன்னு எப்படிச் சொல்லிக்கிறது?”