தட்டில் ஏதாவது முளைக்கட்டும்

பொறாமைக்குப் படிப்பு ஒரு தடையே இல்லை. நான் முனைவர் பட்டத்துக்காக வருடக்கணக்காகப் படிக்கிறேன், என் பொறாமையும் என் கூடவே உட்கார்ந்து படிக்கிறது. வெளியாள் யார்மேலும் இல்லை, கூடப்பிறந்த தங்கை மேல்தான். அவளும் அதே லேபுக்கு, அதே புரொபசரிடம், என் தலைப்புக்குப் பக்கத்துத் தலைப்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். "அக்கா இருக்கா, பாத்துக்குவா" என்று அனுப்பிவைத்தது அம்மா.

நாங்கள் செய்வது ஒரு சிப். கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டிய, ரப்பர் மாதிரியான ஒரு சின்னக் கட்டி. உள்ளே தலைமுடி அளவுக்குக் கால்வாய்கள். ரத்தத்தை அதில் ஓடவிட்டால், கிருமி இருந்தால் சுவரில் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும். ஆஸ்பத்திரியில் கல்ச்சர் போட்டு, கிருமி தட்டில் வளர்ந்து கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று நாளாகும். எங்கள் சிப் அன்றைக்கே சொல்லிவிடும். சொல்ல வேண்டும்.

என்னுடையது வாயே திறக்கவில்லை. முதலில் கசிந்தது. கசிவை அடைத்தால் காற்றுக்குமிழி புகுந்து அடைத்துக்கொண்டது. அதை வெளியே தள்ள சிரிஞ்சை அழுத்திப் பிடித்துப் பிடித்து என் கட்டைவிரல் மரத்துப்போனது. ஒருவழியாக அது வாய் திறந்தபோதும், ஒரு டியூப் ரத்தமும் பல மணி நேரமும் கேட்டது. சின்னவள் வந்தாள், ஒரு சொட்டு ரத்தம் போதும் என்று குட்டியாக ஒன்றைச் செய்தாள். பத்தே நிமிஷத்தில் பதில். குமிழியாவது, கசிவாவது! வயிறு எரிந்தது என்று நான் வெறும் வார்த்தைக்குச் சொல்லவில்லை, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன். புரொபசர் அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார். அம்மா எனக்குப் போன் போட்டாலும் முதல் கேள்வி, "சின்னவ சிப் எப்படி இருக்கு?" ஏதோ பேரப்பிள்ளையை விசாரிப்பதுபோல.

ஒருநாள் புரொபசர் இருவரையும் கூப்பிட்டார். "வார்டுல சோதிச்சுப் பாக்க ஆஸ்பத்திரி ஒரு சிப்தான் எடுத்துக்கும். பேர் இல்லாம நம்பர் போட்டு ரத்த டியூப் அனுப்புவாங்க. ரெண்டு பேரும் பாருங்க. கல்ச்சரோட யாரோடது பொருந்துதோ, அது போகும்."

"தோத்தது என்ன சார் ஆகும்?" என்று கேட்டேன்.

"சின்னவ தீசிஸ்ல ஒரு அத்தியாயமா சேத்துக்கலாம்."

தோற்கப்போவது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. என் இத்தனை வருடமும் தங்கையின் புத்தகத்தில் நடுப்பக்கமாகப் போய்விடும்.

டியூப்கள் வந்தன. ஒரு சொட்டு அவளுக்கு, மிச்சம் முழுவதும் என் சிப்புக்கு. அவள் முடித்து, டீ குடித்து, கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகும் என்னுடையது ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் இரண்டும் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தன, பதினேழாம் நம்பர் வரை. அதில் அவளுடையது ஒரே இருட்டு. என்னுடையதில் மூலையில் இரண்டு பச்சைப் புள்ளி.

"அழுக்கா இருக்கும்க்கா. கிளவுஸ் மாத்தினியா?" என்றாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டாள். அதுதான் இன்னும் எரிந்தது. புரொபசர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சரி, கல்ச்சர் வரட்டும்" என்றார், துக்கம் விசாரிக்கும் குரலில்.

அதன்பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. குளிக்கும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும், சாப்பிட உட்காரும்போதும் ஒரே வேண்டுதல்: தட்டில் ஏதாவது முளைக்கட்டும். அவள் மூஞ்சி எப்படிச் சுருங்கும் என்று மனசுக்குள் ஒத்திகையே பார்த்துவிட்டேன். "எல்லாம் நல்லபடியா வரும்க்கா" என்று அவள் சொன்னபோது, "வரும்டி, வரும்" என்றேன்.

முடிவு வரும் காலையில் ஆஸ்பத்திரி லேபில் நானே போய் நின்றேன். டெக்னீஷியன் அம்மா பதினேழாம் நம்பர் தட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், இடைவெளியே இல்லாமல்.

"வந்திடுச்சு!" என்று கத்திவிட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய்த் தங்கைக்குப் போன் போட்டேன்.

"பதினேழு பாசிட்டிவ்! தட்டு நிறைய வளந்திருக்கு. உன் ஒரு சொட்டுல அது சிக்கவே இல்ல, என் சிப்தான்டி சரி!"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறாள் என்று நினைத்தேன். நினைக்கவே இனித்தது. ஆறுதலாக நாலு வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தேன்.

"அக்கா, அது யாரோடதாம்? மருந்து ஆரம்பிச்சுட்டாங்களா?"

எனக்கு அது பதினேழு, அவ்வளவுதான். அந்த ரத்தம் ஒரு கையிலிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஒருதடவைகூடத் தோன்றவில்லை. கிருமி வளர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதெல்லாம் யாரோ ஒருவர் உடம்புக்குள்.

"இரு, கேக்கறேன்" என்று உள்ளே போனேன். டெக்னீஷியன் அம்மா வார்டோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா, அந்தக் கைக்குழந்தைதான். வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா? அவங்க அம்மா நம்பர் இருக்கில்ல? உடனே தூக்கிட்டு வரச் சொல்லுங்க. உடனே."

தங்கை லைனிலேயே இருந்தாள், அவளுக்கும் கேட்டுவிட்டது. "ஐயோ, பாப்பாவா" என்றாள். இப்போது நிஜமாகவே அழுதாள்.

போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். வார்டுக்குப் போகப்போவது என் சிப். ஜெயித்தது நான். அப்போதும் எனக்கு அவள்மேல்தான் பொறாமையாக இருந்தது, முதலில் கேட்க வேண்டியதை அவள் கேட்டுவிட்டாளே என்று.