வெள்ளோட்டம்

படகு மெக்கானிக் கிருபாசங்கர் லைஃப் ஜாக்கெட்டின் மூன்று பட்டைகளையும் இறுக்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். அவர் நின்றிருந்தது கரையில். கொடுமுடிக்குக் கீழே, தென்னந்தோப்பு முடிந்து மணல் தொடங்கும் இடம். காவிரி அவரிடமிருந்து நாலு எட்டு தள்ளி, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வேலையில் இவ்வளவு ஒழுக்கமான மனிதரை அந்த ஆற்றங்கரை பார்த்ததில்லை. கரையிலேயே இப்படியென்றால் தண்ணீரில் எப்படியிருப்பார் என்று ஆட்கள் வியந்தார்கள். தண்ணீரில் எப்படியிருப்பார் என்பது அவருக்கே தெரியாது. நாற்பத்து நான்கு வயது வரைக்கும் அவர் ஒரு படகில்கூடக் கால் வைத்ததில்லை.

பிறந்தபோது ஜாதகம் கணித்தவர், "பையனுக்குத் தண்ணியில கண்டம்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத் தட்சணை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த வாக்கியத்தை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கிணறு, குளம், வாய்க்கால் எல்லாம் விலக்கு. சொந்தபந்தம் மொத்தமும் பவானியில் முங்கி எழுந்தபோது கிருபாசங்கர் படிக்கட்டில் உட்கார்ந்து சொம்பில் குளித்தார். வளர்ந்து கணபதி என்கிற ஊரில் போர்வெல் மோட்டார் பட்டறை வைத்ததுகூட அதனால்தான். தண்ணீர் ஆயிரம் அடிக்குக் கீழே பத்திரமாகக் கிடக்கும் தொழில் அது. ஆனால் ஏரியில் உல்லாசப் படகு விடும் ஒருவர், ஒருநாள் பழுதான எஞ்சினை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கினார். மோட்டார் மோட்டார்தானே என்று கிருபாசங்கர் பிரித்து, பூட்டிக் கொடுத்தார். அது ஓடித் தொலைத்தது. அவர் சொல்லி இவர், இவர் சொல்லி இன்னொருவர் என்று, இப்போது அணையோ ஆறோ எங்கே படகு நின்றாலும் கிருபாசங்கரின் ஆம்னி வேன்தான் போய் நிற்கிறது.

வேனின் பக்கவாட்டில் 'நேரில் வந்து போட்டு ரிப்பேர்' என்று சிவப்பில் எழுதியிருக்கும். அவர் எழுதச் சொன்னது 'போட் ரிப்பேர்'. பெயின்டர், ஒரு 'டு' போட்டால்தான் தமிழ் மாதிரி இருக்கும் என்று சேர்த்துவிட்டார். அதன் விளைவாக, வழியில் டீ குடிக்க நிறுத்தினால்கூட யாராவது மிக்சியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எதையோ போட்டு ரிப்பேர் செய்வார் போல என்று நினைப்பு. கிருபாசங்கர் அதையும் போட்டு ரிப்பேர் செய்துவிட்டுத்தான் கிளம்புவார்.

வேனுக்குள் ஒரு நீல பேரல் உண்டு. கழற்றிய எஞ்சினின் கீழ்ப்பாதியைத் தண்ணீர் நிறைந்த பேரலுக்குள் விட்டு ஓட்டிப் பார்த்துவிடுவார். படகுக்காரர்களுக்கு அது போதாது. அவர்கள் வழக்கப்படி ரிப்பேர் முடிந்தால் வெள்ளோட்டம். அதில் மெக்கானிக்கும் கூட ஏறவேண்டும். "கரையில இருந்து கேட்டாத்தானுங்க சத்தம் சுத்தமாத் தெரியும்" என்று கிருபாசங்கர் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிடுவார். படகு போய்த் திரும்பும்வரை திறக்கமாட்டார். அது ஏதோ பெரிய வித்தை என்று பேராகிவிட்டது. விஷயம் தெரிந்த ஒரே ஆள் மனைவி புவனா. குளியலறை முழுக்க கிரீஸ் அப்பிக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், "உங்களுக்குத் தண்ணியில கண்டமில்லீங்க, தண்ணிக்குத்தான் உங்களால கண்டம்" என்பார்.

இன்றைக்கு எஞ்சின் வெள்ளியங்கிரியுடையது. ஆற்றுக்கு நடுவே நடுத்திட்டு என்று ஒரு தீவு. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள், மிச்சமெல்லாம் வாழை. வாழைத்தார் இக்கரைக்கு வரவும், சிமென்ட் மூட்டை அக்கரைக்குப் போகவும் வெள்ளியங்கிரியின் மோட்டார் படகை விட்டால் ஆளில்லை. அவர் மகள் கனிஷ்கா ஈரோட்டில் ஒரு துணிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். அவளும் தினம் அப்பாவின் படகில்தான் போய் வருகிறாள். அந்தக் கனிஷ்காவைத்தான் இன்று பெண் பார்க்க வருகிறார்கள். முதலில் வந்த வரன் தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கரையோடு திரும்பியது. இரண்டாவது வரன் அக்கரைக்கு வந்து, போண்டா சாப்பிட்டு, "ஆத்தைத் தாண்டி எப்படீங்க சம்பந்தம் பண்றது" என்று கேட்டுவிட்டுப் போனது. இது மூன்றாவது. இதற்கென்றே வெள்ளியங்கிரி எஞ்சினைச் சர்வீசுக்கு விட்டிருந்தார்.

"ஏனுங்க மெக்கானிக், இன்னைக்கு மட்டும் நடுவுல நிக்கப்படாதுங்க" என்றார் வெள்ளியங்கிரி. புது வேட்டி கட்டியிருந்தார். அதில் ஏற்கெனவே ஒரு ஆயில் சொட்டு விழுந்திருந்தது.

"நிக்காதுங்க" என்றார் கிருபாசங்கர். பேரலில் எஞ்சின் பூனைபோல் உறுமிக்கொண்டிருந்தது. அதைப் படகில் பூட்டி முடிக்கவும் மாப்பிள்ளை வீட்டாரின் கார் தோப்புக்குள் நுழையவும் சரியாக இருந்தது.

மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளை சபரீஷ், இஸ்திரி கலையாத சட்டையில் மெல்ல இறங்கினான். அம்மா நாச்சியம்மாள் இறங்கினார். பின்னால் தாய்மாமன் ஒருவர் தட்டில் பூவும் பழமுமாக வந்தார். நாச்சியம்மாள் ஆற்றைப் பார்த்தார். படகைப் பார்த்தார். எண்ணெய்க் கையோடு நின்ற கிருபாசங்கரைப் பார்த்தார். மண்டியில் மூட்டையைத் தட்டியே கிழங்கின் யோக்கியதையைச் சொல்லும் பெண்மணி அவர்.

"எஞ்சின் ரிப்பேருங்களா?"

"சர்வீஸ்தானுங்க. ஒறம்பரை சனம் வருதேன்னு" என்று வெள்ளியங்கிரி அவசரமாகச் சொன்னார்.

"செஞ்சது நீங்களா? அப்ப நீங்களும் ஏறுங்க."

கிருபாசங்கர் கண்ணை மூடத் தயாரானார். "நானு கரையில இருந்து சத்தம் கேட்டுத்தானுங்க..."

"சத்தத்தை எங்ககூட உக்கார்ந்து கேளுங்க. செஞ்சவரே ஏறாத வண்டியில நாங்க ஏறுவமுங்களா?" நாச்சியம்மாள் குரலை உயர்த்தவே இல்லை. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதில்தான் தப்பிக்கவே வழியில்லாமல் போயிற்று. தாய்மாமன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நாலரைக்கு ராகுகாலம் என்று பொதுவாக ஆற்றிடம் சொன்னார்.

வயிறு சரியில்லை என்று சொல்லலாமா, வேனில் பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லலாமா என்று கிருபாசங்கர் வேகமாக யோசித்தார். யோசித்தபடி வெள்ளியங்கிரியைப் பார்த்ததுதான் தப்பு. அந்த மனிதர் புது வேட்டியின் நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். முதல் வரனின் கார் திரும்பிப் போனபோதும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று கிருபாசங்கருக்குத் தோன்றியது. இந்தக் கார் இப்போது திரும்பினால் அது எஞ்சினால் அல்ல, தன்னால். மருதமலை முருகனுக்கு ஒரு மொட்டை நேர்ந்துகொண்டு, அவர் படகுக்குள் காலை வைத்தார். படகு ஆடியது. மொட்டையை இரண்டாக்கினார்.

உட்கார்ந்த மாத்திரத்தில் அவர் கைக்கு எட்டியதையெல்லாம் இறுக்கத் தொடங்கினார். ஜாக்கெட் பட்டையை இறுக்கினார். பெட்ரோல் குழாயின் கிளிப்பை இறுக்கினார். பக்கத்திலிருந்த பெட்ரோல் டேங்கின் மூடியை இறுக்கினார், மூடியின் மேலிருந்த குட்டித் திருகையும் இறுக்கினார். பிறகு உட்காரும் பலகையை இரண்டு கையாலும் பிடித்தார். எதிரே சபரீஷும் அதேபோலப் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருவர் கண்ணும் ஒருமுறை சந்தித்தன. உடனே இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளியங்கிரி கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்தது. கரை விலகியது, வேன் சிறுத்தது, நாச்சியம்மாள் முகத்தில் லேசாகத் திருப்தி தெரிந்தது. "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார். கிருபாசங்கர் பல்லைக் கடித்தபடி தலையாட்டினார். ஆற்றின் நட்டநடுவில், தண்ணீர் பச்சையாகச் சுழித்துக்கொண்டு போகும் இடத்தில், எஞ்சின் இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை இருமவில்லை.

அந்த அமைதியில் தண்ணீரின் சத்தம் சுத்தமாகக் கேட்டது. வெள்ளியங்கிரி கயிற்றை இழுத்தார், இழுத்தார், வேர்த்தார். படகு கீழ்நோக்கி நழுவத் தொடங்கியதும், கயிற்றில் கட்டிய பழைய ஆட்டுக்கல்லைத் தூக்கிப் போட்டார். அதுதான் அந்தப் படகின் நங்கூரம். படகு ஒரு குலுக்கலோடு நின்றது. தண்ணீர் குறைந்த நாளென்றால் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவார். இப்போது மேட்டூர் அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். இந்த ஆழத்துக்குக் கழி எட்டாது.

கிருபாசங்கருக்கு என்ன கோளாறு என்று நின்ற நொடியிலேயே தெரிந்துவிட்டது. டேங்க் மூடியில் இருக்கும் அந்தக் குட்டித் திருகுதான் உள்ளே காற்றுப் போகும் வழி. அதை மூடினால் பெட்ரோல் கொஞ்ச நேரம் இறங்கும், பிறகு இறங்காது. பட்டறையில் முதல் நாள் வேலைக்கு வரும் ஆளுக்கு முதலில் சொல்லும் பாடம். மூடியது இவர் கைதான். இரண்டு சுற்றுத் திருப்பினால் போதும். அதற்குப் பலகையை விடவேண்டும். கை விட மறுத்தது. வாயைத் திறந்து சொல்லலாம் என்றால், நான்தானுங்க மூடினேன் என்று நாச்சியம்மாளிடம் சொல்லவேண்டும். வாயும் மறுத்தது.

"என்னங்க கோளாறு?" என்றார் நாச்சியம்மாள்.

"பாக்கோணுமுங்க" என்றார் கிருபாசங்கர், எதையும் பார்க்காமல்.

"ஆத்துக்கு நடுவுல ஒரு ஊரு, அதுல ஒரு பொண்ணு" என்று தாய்மாமன் தொடங்கினார். பழத்தட்டை மடியில் வைத்திருந்தார். வெள்ளியங்கிரி எஞ்சினின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்க முடியாமல் கிருபாசங்கர் தீவுப் பக்கம் திரும்பினார். அதனால் அவர்தான் முதலில் பார்த்தார். வாழைத்தோப்பின் ஓரத்திலிருந்து ஒரு பரிசல் வந்துகொண்டிருந்தது. அதில் மாம்பழக் கலர் பட்டுப்புடவையை முழங்கால்வரை சொருகிக்கொண்டு, தலையில் மல்லிகைப்பூவோடு ஒரு பெண் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"கண்ணு, நீ எதுக்கு வந்தே?" வெள்ளியங்கிரி எஞ்சினிலிருந்து கையை எடுத்தார்.

"பலகாரம் ஆறிப்போச்சுங்கப்பா. காபியாவது சூடா இருக்கட்டும்னு கொண்டாந்துபோட்டேன்." கனிஷ்கா பரிசலைப் படகோடு ஒட்டி நிறுத்தினாள். புடவையை இறக்கிவிட்டாள். பிளாஸ்கிலிருந்து பேப்பர் கப்பில் ஊற்றி, வரிசை தப்பாமல் முதலில் நாச்சியம்மாளுக்குத்தான் நீட்டினாள். "வாங்க அத்தை. வாங்க மாமா." கடைசியில் சபரீஷுக்கு. அவன் ஒரு கையைப் பலகையிலிருந்து எடுத்து வாங்கிக்கொண்டான். கிருபாசங்கருக்கும் நீட்டினாள். அவர் கையை எடுக்காததால் பக்கத்தில் வைத்தாள்.

நாச்சியம்மாள் ஒரு வாய் குடித்தார். எல்லோரும் அவர் தொண்டையையே பார்த்தார்கள். "நாலரைக்கு முன்னாலயே பொண்ணைப் பார்த்தாச்சு" என்றார். அது பாராட்டா புகாரா என்று யாருக்கும் புரியவில்லை. பிறகு மகனைப் பார்த்து, "தனியா ஏதாவது பேசறதுன்னா பேசீரு" என்றார்.

தனியாக என்றால் அங்கே இருந்த ஒரே தனி இடம் பரிசல்தான். சபரீஷ் பரிசலைப் பார்த்தான். அது தட்டுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க" என்றான் தாழ்ந்த குரலில்.

"எனக்குத் தெரியுமுங்க. பத்தாதுங்களா?" என்றாள் கனிஷ்கா.

அவன் காபிக் கப்பைக் கீழே வைத்தான். செருப்பைக் கழற்றிப் படகில் ஜோடியாக வைத்தான். கோயிலுக்குள் நுழைகிறவன் மாதிரி பரிசலுக்குள் இறங்கினான். கனிஷ்கா பரிசல் கயிற்றைப் படகின் வளையத்தில் கட்டி நீளமாக விட்டாள். ஆறு அவர்களைக் கயிறு இருக்கும்வரை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அவன் ஏதோ கேட்பதும், அவள் துடுப்பால் அக்கரையையும் இக்கரையையும் காட்டுவதும் தெரிந்தது.

இவனே இறங்கிவிட்டான் என்று கிருபாசங்கருக்கு வெட்கமாக இருந்தது. வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பலகையிலிருந்து பிரித்தார். டேங்க் பக்கம் நீட்டினார். திருகை இரண்டு சுற்றுத் திருப்பினார். உஸ் என்று டேங்க் மூச்சு வாங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்க அவர் கண்ணை மூடவேண்டியிருக்கவில்லை. வெள்ளியங்கிரியும் கேட்டுவிட்டார். அவர் பார்வை திருகுக்கு வந்து, கிருபாசங்கரின் முகத்துக்கு வந்தது. எஞ்சின் கயிற்றைப் பிடித்தார்.

அப்போது பரிசலிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. சிரித்தது சபரீஷ். படகில் பலகையை விடாமல் பிடித்திருந்தவன், ஆற்றுக்கு நடுவே தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சரியாச்சுங்களா?" என்று நாச்சியம்மாள் கேட்டார். அவருடைய கண்ணும் பரிசல் மேல்தான் இருந்தது.

கிருபாசங்கர் தண்ணீரைப் பார்த்தார். திருகை மறுபடி இரண்டு சுற்றுத் திருப்பி மூடினார்.

"இன்னும் சித்த நேரம் ஆகுமுங்க" என்றார்.

"ஆகட்டும், ஆகட்டும்" என்றார் நாச்சியம்மாள்.

வெள்ளியங்கிரி எஞ்சின் கயிற்றை விட்டுவிட்டு, ஆயில் சொட்டு விழுந்த வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கயிற்றின் நுனியில் பரிசல் மெதுவாகச் சுற்றியது. ஒரு சுற்றில் அவன் முகம் தெரிந்தது, அடுத்ததில் அவளுடைய பூ தெரிந்தது. கிருபாசங்கர் காபிக் கப்பை எடுத்தார். சூடு தாங்காமல் கை மாற்றியபோதுதான், பலகையை எந்தக் கையும் பிடித்திருக்கவில்லை என்பதைக் கவனித்தார்.