லைம் விரிகுடாவில் மூடுபனி

அந்த ஆகஸ்டை நினைத்தால் முரியலுக்கு இன்றும் முதுகு வலிக்கும். இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டி, கௌஸ் துறையிலிருந்து டார்க்கீ துறை வரை கடலில் விசைப்படகுப் பந்தயம்; அலைக்கு அலை படகு தூக்கிப் போடும். கசாப்புக்கடை வைத்திருந்த கணவன் கில்பர்ட் படகை ஓட்டுவான். அவள் திசைகாட்டியைப் பார்த்து வழி சொல்வாள். மூன்று வருடமாக அவர்கள் படகு பாதியிலேயே நின்றிருந்தது. இந்தத் தடவையும் போய்ச் சேராவிட்டால் விற்றுவிடுவதாக அவன் சொல்லியிருந்தான்.

எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது. எந்தத் தோளைத் தட்டுகிறாளோ, அந்தப் பக்கம் அவன் திருப்ப வேண்டும்.

டார்க்கீக்கு முன்னால் வரும் லைம் விரிகுடாவில் மூடுபனி இறங்கியது. பெரிய கம்பெனிப் படகு ஒன்று அவர்களைத் தாண்டிச் சீறியது. கில்பர்ட் அதன் நுரைத்தடத்தைப் பிடித்துக்கொண்டான். தடம் மெல்ல இடப்பக்கம், கரையை விட்டு நடுக்கடலை நோக்கி வளைந்தது. முரியல் அவன் வலது தோளைத் தட்டினாள், பிறகு குத்தினாள். அவன் அசையவில்லை. அவளே கைநீட்டி வேகத்தைக் குறைத்தாள்.

“என்னடி பண்ற?”

“அவன் பிரான்ஸுக்குப் போறான். நீயும் போறியா?”

“அவ்வளவு பெரிய கம்பெனிக்கு வழி தெரியாதா?”

“தெரியாது. திருப்புய்யா!”

நுரை கலையும்வரை பார்த்துக்கொண்டிருந்தவன், திருப்பினான்.

டார்க்கீயில் அவர்களுக்குக் கடைசிக்கு முந்தின இடம். நெடுநேரம் கழித்துத்தான் அந்தப் பெரிய படகு வந்தது.

“பிரான்ஸ்ல சாப்பாடு எப்படிப்பா?” என்று கில்பர்ட் கத்தினான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவன் அடுத்த வருடத்துக்கான எஞ்சினைப் பற்றியே பேசினான். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.