நாற்பது பம்புகளும் ஒரு கண்ட்ரோல்-சியும்

குடிநீர் அலுவலகத்தில் அவளை எல்லோரும் பம்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதவி ஆபரேட்டர். நகரத்தின் நாற்பது பம்பு நிலையங்களோடும் ஒன்பது வருஷமாகக் கம்ப்யூட்டர் வழியே மல்லுக்கட்டுகிறவள். ஒவ்வொன்றும் ஒரு வாயாடி. பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போனால் அழுத்தம், அளவு என்று எண்களைக் கொட்ட ஆரம்பித்துவிடும். கீபோர்டில் கண்ட்ரோல்-சி அமுக்கினால்தான் வாயை மூடும். அப்புறம்தான் புது அளவைப் பதிய முடியும். நாற்பதையும் முடிப்பதற்குள் ஒரு நாள் ஓடிவிடும்.

அந்த வேலையைத் தானாகச் செய்ய ஒரு ஸ்கிரிப்ட், அதாவது குட்டி புரோகிராம், எழுதியிருந்தாள். இரண்டு மாதம் சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்து எழுதியது. அதுவரை அடுப்பு புருஷன் பொறுப்பு.

"கண்ட்ரோல் அமுக்க ஸ்கிரிப்டுக்கு விரல் ஏதும்மா?" என்றார், அன்று காலை அது ஓடுவதைப் பார்க்க வந்த மேலதிகாரி.

"விரலே வேணாம் சார். ரெண்டு கீயையும் சேர்த்து அமுக்கினா, கம்ப்யூட்டர் கணக்குல மூணாம் நம்பர் குறி ஒண்ணுதான் பம்புக்குப் போகுது. அதை ஸ்கிரிப்டே அனுப்பிடும்."

"பதினோரு மணி வரைக்கும் பாக்குறேன். ஓடலன்னா வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துடுவேன்."

கொடுத்தால் கண்ட்ரோல் அறையே அவர்கள் கைக்குப் போகும். அவள் கோப்பு அடுக்கப் போக வேண்டியதுதான்.

முதல் நிலையத்திலேயே மூக்குடைந்தது. குறி போனது, எண்கள் நிற்கவில்லை. மணி பத்து இருபது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டுக் கையால் செய்தாள். பம்பு சொன்ன பேச்சைக் கேட்டது. மறுபடி செய்தாள், இந்த முறை தன் விரலையே பார்த்தபடி. பாஸ்வேர்டு அடித்ததும் விரல் சும்மா நின்றது. திரையில் முதல் வரி வந்த பிறகுதான் இறங்கியது. இத்தனை வருஷமும் அவளுக்கே தெரியாமல் அப்படித்தான் அமுக்கியிருக்கிறாள். ஸ்கிரிப்டுக்கோ அவசரம். பம்பு வாயைத் திறக்கும் முன்பே வாயை மூடு என்றால் யார் காதில் விழும்?

முதல் வரி வரும்வரை காத்திரு, அப்புறம் குறியை அனுப்பு என்று ஸ்கிரிப்டைத் திருத்தினாள்.

முதல் நிலையம் வாயை மூடியது. இரண்டாவதும் மூடியது. பிறகு அவள் கீபோர்டைத் தொடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பத்து ஐம்பதுக்கு நாற்பதாவது நிலையமும் புது அளவை வாங்கிக்கொண்டது. பெருமை தாங்கவில்லை அவளுக்கு. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

மேலதிகாரி பின்னாலிருந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். போனை எடுத்து வெளிக் கம்பெனியைக் கூப்பிட்டார்.

"ஆள் அனுப்ப வேணாங்க. எங்ககிட்டயே இன்ஜினியர் இருக்காங்க."

யாரைச் சொல்கிறார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.