பொங்காலைப்பாறைக்கு மேலே

வெள்ளறடையில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் வினீத்துக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்தே ஜிஜாவுக்கு ஒரு பெயர் ஆகாது. அஜிஷா. வினீத்தின் முதல் மனைவி. ஒரு மழைக்காலக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். செத்தவள்மேல் பொறாமைப்படுவது பாவம் என்று ஜிஜாவுக்குத் தெரியாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் முழங்கால் போட்டு அதற்காக மன்னிப்பும் கேட்பாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அது மறுபடியும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிடும்.

அஜிஷாவின் மீன்குழம்பைப் பற்றி மாமியார் ரத்னபாய் பேசினால் தாங்கிக்கொள்ளலாம். அஜிஷா பாடிய பாட்டைப் பற்றிப் பாடகர் குழுவில் பேசினாலும் தாங்கிக்கொள்ளலாம். மலையைப் பற்றிய பேச்சைத்தான் தாங்க முடியாது. பெண்களும் அகஸ்தியர்கூடம் ஏறலாம் என்று ஆன புதிதில் வினீத்தும் அஜிஷாவும் சேர்ந்து போனார்கள். சபையிலிருந்து அந்த மலை ஏறிய முதல் பெண் என்று பெண்கள் ஐக்கிய சங்கம் அவளுக்குப் பொன்னாடை போர்த்தியது. ஜங்ஷனில் பிளெக்ஸ் வைத்தார்கள். கைகளை விரித்துக்கொண்டு, பின்னால் மேகம் கிடக்க, தலைமுடி காற்றில் பறக்க அவள் சிரிக்கிற படம் இன்னும் முன்னறைச் சுவரில் தொங்குகிறது.

வீட்டுக்கு யார் வந்தாலும் ரத்னபாய் சொல்லுவாள்: "அகஸ்தியர்கூடம் ஏறினவளாக்கும் எனக்க மருமவ."

வந்தவர்கள் ஜிஜாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். "இவளா?"

"இல்ல, இல்ல. இது ஜிஜா."

இது ஜிஜா. பெருங்கடவிளையில் பிறந்து, முப்பத்தாறு வயதுவரை தனியாக இருந்து, லேபில் ஊராருக்கெல்லாம் ரத்தம் எடுத்து, தன் சம்பாத்தியத்தில் தம்பியைப் படிக்கவைத்த ஒரு பெண்ணுக்கு இந்த ஒரு சொல்தான் அந்த வீட்டில் இருந்தது.

வினீத்தைக் குறைசொல்ல முடியாது. "சாப்பிட்டியா?" என்று கேட்பான். "வெயில்ல போவாண்டாம், நான் கொண்டு விடுதேன்" என்பான். ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கீறல் விழாமல் திருப்பிக் கொடுக்க நினைக்கிறவன் பிடிப்பதுபோல அவளைப் பிடித்திருந்தான். அது அன்புதானா என்று அவளுக்குப் பல நாள் சந்தேகம்.

போன மார்கழியில் ஒரு நாள், மலையேற்றத்துக்குப் பாஸ் கொடுக்கப் போகிறார்கள் என்று செய்தியில் பார்த்ததும் சொல்லிவிட்டாள்.

"நானும் ஏறணும்."

"என்னத்துக்கு? கஷ்டமான வழியாக்கும். அட்டை கடிக்கும்."

"அவ ஏறல்லியா?"

வினீத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு, "செரி, போவலாம்" என்றான்.

அன்றிலிருந்து ஜிஜா விடியற்காலையில் ஊருக்குப் பக்கத்துக் குரிசுமலை ஏறி இறங்கிப் பழகினாள். தொடை இரண்டும் வலித்துத் துடிக்கும். லேபில் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மேசையைப் பிடிப்பாள். ஆனாலும் விடவில்லை. எதற்கு இந்த வைராக்கியம் என்று கேட்டால் உடம்பு குறையட்டும் என்று பதில் சொல்லுவாள்.

தை மாதம் மலையடிவாரத்துப் போணக்காட்டில் வனத்துறைச் சோதனை முடிந்து, கூட்டத்தோடு நடக்கத் தொடங்கினார்கள். வழிகாட்டியாக வந்தவர் ஷாஜி, காட்டுக்குள் குடியிருப்பில் வாழ்கிறவர், நரை விழுந்த மீசை. கொஞ்ச தூரம் போனதும் அவர் வினீத்தை உற்றுப் பார்த்தார்.

"சாரு பண்டு வந்ததில்லியா? கூட ஒரு சேச்சி உண்டு. பாட்டுப் பாடிக்கிட்டே வந்த சேச்சி." பிறகு ஜிஜாவைப் பார்த்தார். "இவங்களா?"

வினீத் வாய் திறப்பதற்குள் ஜிஜா சொன்னாள்: "இல்ல. நான் வேற."

அதோடு விட்டாரா? பாவம், மனுஷருக்கு என்ன தெரியும். ஒரு ஓடையைக் கடக்கும்போது, அந்தச் சேச்சி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோலத் தண்ணீரில் விளையாடியதைச் சொன்னார். அட்டையாற்றங்கரையில் ஜிஜா காலில் ஏறிய அட்டைக்கு உப்புத் தேடினபோது, "அந்தச் சேச்சிக்கு உப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கையால பிச்சு எறியும்" என்றார். ஜிஜா உப்புப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் போட்டாள். அட்டையைக் கையால் பிய்த்து எறிந்தாள். ரத்தம் நிற்காமல் சாக்ஸ் நனைய வழிந்தது. தினமும் ரத்தத்தைப் பார்க்கிறவளுக்கு அது பெரிதில்லை. வினீத் பார்த்துவிட்டு, "நோவுதா?" என்று மெதுவாகக் கேட்டான். அவள் சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

முட்டிடிச்சான்தேரி என்று ஒரு ஏற்றம். ஏறுகிறவனின் முட்டி அவன் தாடையிலேயே இடிக்கும், அத்தனை செங்குத்து. அங்கேதான் வினீத்தின் வலது முட்டி பிசகியது. ஜிஜா அவனுக்கு முன்னால் ஏறிப் போய்விட்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் அவன் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நிற்கிறான். இறங்கி வந்தாள்.

"பைய இஞ்ச தாருங்க."

"வேண்டாம். நான் எடுத்துக்கிடுதேன். ஒனக்குக் கஷ்டம்."

அதிருமலை முகாமுக்கு வந்து சேரும்போது முட்டி வீங்கி ஒரு தேங்காய் அளவு ஆகியிருந்தது. கஞ்சியும் பயறும் குடித்துவிட்டு, தன் துப்பட்டாவால் அவனுக்குக் கட்டுப் போட்டாள். "ஒனக்குத் தொந்தரவு" என்றான். அஜிஷா கட்டுப் போட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பானா என்ற கேள்வியோடு பெண்கள் அறைக்குப் போய்ப் பாயில் படுத்தாள்.

மறுநாள் காலை பொங்காலைப்பாறைவரை எப்படியோ நொண்டி வந்துவிட்டான். மரமெல்லாம் குட்டையாகி, வெறும் பாறையும் காற்றுமாக இருக்கும் இடம் அது. கீழே மேகம் பால்போலக் கிடந்தது. அதற்குமேல் கயிற்றைப் பிடித்து ஏறவேண்டும். வினீத் பாறையில் உட்கார்ந்துவிட்டான்.

"இனி ஏற என்னால களியாது. நீயும் போவாண்டாம் ஜிஜா. இவ்வளவு வந்தது போதும். இங்ஙன ஒரு படம் எடுத்துக்கிடலாம்."

"நான் போறேன்."

"தனியாட்டா?"

"ஷாஜி அண்ணன் உண்டு, கூட்டம் உண்டு. நீங்க இருங்க."

அவன் முகத்தில் ஒரு பயம் வந்து போனதை அவள் கவனித்தாள். தனக்காகப் பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். களைத்துப்போன வேறு இரண்டு பேரும் இன்னொரு வழிகாட்டியும் அங்கேயே தங்க, மற்றவர்கள் நடந்தார்கள்.

முதல் கயிறு வந்தது. மேலே பார்த்தால் வழுக்குப் பாறை, பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றுமே இல்லை, வெறும் ஆகாயம். ஜிஜா ஒரு அடி பின்வாங்கினாள். ஷாஜி கயிற்றை இழுத்துப் பார்த்துக் கொடுத்துவிட்டு, தேறுதலாகத்தான் சொன்னார்:

"கீழ பாக்கப்பிடாது, அவ்வளவுதான். பண்டு வந்த அந்தச் சேச்சி கீழ பாத்திட்டுது. அதோட முடிஞ்சுது. இந்தா, இங்ஙனதான் உக்காந்து போச்சு."

ஜிஜா கயிற்றை விடாமல் திரும்பினாள். "ஏறல்லியா?"

"எங்க ஏற? கை கால் எல்லாம் விறைச்சுப் போச்சு. கண்ணீர் விட்டுக் கரைஞ்சுது. சாரு மட்டும் மேல போயிட்டு வந்தாரு. திரும்பி வந்தப்ப அந்தச் சேச்சி அவரு கன்னத்தில ஒண்ணு வச்சுது பாருங்க, நாங்க எல்லாரும் மிரண்டு போனோம்."

அதன்பிறகு ஜிஜா எப்படி ஏறினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பயம் போன இடம் தெரியவில்லை. ஒரு கயிறு, இன்னொரு கயிறு, பிறகு மொட்டைப் பாறை. உச்சியில் அகஸ்தியர் சிலைக்கு முன்னால் கூட வந்தவர்கள் கும்பிட்டு நின்றார்கள். ஜிஜா தள்ளி நின்று நாலு பக்கமும் பார்த்தாள். ஒரு பக்கம் அணைத் தண்ணீர் பளபளத்தது. மறுபக்கம் மடிப்பு மடிப்பாக மலை. அவ ஏறல்ல. நான் ஏறிட்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, உள்ளுக்குள் கூவினாள். வீட்டுக்குப் போன உடனே மாமியாரிடம் சொல்லவேண்டும். யாராவது விருந்தாளி வந்திருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லவேண்டும். எந்த வார்த்தையில் தொடங்கலாம் என்றுகூட யோசித்துவிட்டாள்.

ஷாஜி அவளுடைய போனை வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்தார். அதில் தன் முகத்தைப் பார்த்தாள். யாருக்கோ கெட்டது நடந்ததைக் கேள்விப்பட்டுச் சந்தோஷப்படுகிறவளின் முகமாக இருந்தது. அதை அழித்தாள். வேறு எடுக்கச் சொல்லவில்லை.

இறங்கி வரும்போது அந்த முதல் கயிற்றடியில் சற்று நின்றாள். இரண்டு பேர் உட்காரக்கூட இடம் போதாது. காற்று காதை அறுத்தது. இங்கே ஒருத்தி, ஓடையில் விளையாடி, அட்டையைக் கையால் எறிந்து, பாடிக்கொண்டே வந்தவள், நகர முடியாமல் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். கட்டினவன் அவளை விட்டுவிட்டு மேலே போயிருக்கிறான். ஜிஜாவுக்கு முதல்முறையாக அஜிஷாவை நினைத்து மனசு கசிந்தது.

பொங்காலைப்பாறையில் வினீத் அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"ஷாஜி சொன்னானா?"

"அவள எதுக்கு அங்ஙன விட்டிட்டுப் போனீங்க?"

"அவளாக்கும் போகச் சொன்னது. 'நீயாவது போ'ண்ணா. போனேன். வந்தா அடிக்கா. 'போண்ணு சொன்னா போயிருவியாலே'ண்ணு கேக்கா." சொல்லும்போதே வினீத்தின் உதடு சிரிப்பில் கோணியது. "போணக்காடுவரைக்கும் அவ ஒரு வார்த்த பேசல்ல. ஏறுறதுக்கு முன்ன இந்தப் பாறையில எடுத்த படத்தப் பாத்திட்டு சபையில எல்லாரும் உச்சியிண்ணு நெனச்சிட்டாங்க. உண்மையச் சொல்லுவமாண்ணேன். 'அடுத்த வருசம் ஏறிக் காட்டுதேன், அதுவரைக்கும் வாய மூடு'ண்ணா." சிரிப்பு நின்றது. "அடுத்த வருசம் அவ இல்ல. பின்ன நான் யாருட்ட போயி என்ன சொல்ல? அம்மைக்கும் தெரியாது. நீ சொல்லாத ஜிஜா."

"சொல்லமாட்டேன். ஆனா அது அவளுக்காக. உங்களுக்காக இல்ல."

இறங்கத் தொடங்கினார்கள். இதோடு எல்லாம் தீர்ந்திருக்கவேண்டும். தீரவில்லை. ஏறாதவளாகிவிட்ட அஜிஷா முன்னைவிட மோசமாக நெஞ்சைக் குடைந்தாள். போயிருவியாலே என்று கேட்டு எல்லாரும் பார்க்க அவனை அடித்திருக்கிறாள். அடிவாங்கியவன் இத்தனை வருடம் கழித்து அதைச் சொல்லிச் சிரிக்கிறான். அந்த அடிக்கு முன்னால் மலையுச்சி எம்மாத்திரம்? 

வினீத் நொண்டி நொண்டி வந்தான். ஒரு சறுக்கலில் கால் இடறியது.

"பையத் தாருங்க."

"வேண்டாம். ஒனக்குக் கஷ்டம்."

ஜிஜா நின்றாள். "அவ கேட்டாலும் இப்பிடியா சொல்லியிருப்பீங்க?"

"என்னது?"

"கஷ்டம், தொந்தரவு. ரெண்டு வருசமா இதுதானே கேக்கேன். ஒரு நாளாவது என்னிய ஏசி வழக்குப் பேசினதுண்டா நீங்க?"

"வழக்குப் பேச நீ என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்ய விடல்லியே. லேபுக்கு வாற சீக்காளியிட்ட நான் பேசுற மாதிரி பேசுதீங்க. அவள மட்டும் பொண்டாட்டியாட்டு இருக்க விட்டீங்க..."

"எடீ!" வினீத்தின் குரல் பாறையில் மோதித் திரும்பியது. முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "செத்தவகூடயா மல்லுக்கு நிக்குத? ஒனக்கு என்னதான் வேணும்? முட்டி வேதனையில மனுஷன் சாவுதான், இவளுக்குக் கணக்குத் தீக்கணும்! எடுத்துக்கோ, பையும் எடுத்துக்கோ, என்னியும் தூக்கிக்கோ!"

பையைக் கழற்றி அவள் காலடியில் எறிந்தான். தண்ணீர்ப் பாட்டில் தெறித்து உருண்டு புல்லுக்குள் போயிற்று. ஜிஜா பயந்துதான் போனாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் குனிந்து பையை எடுத்து, தன் பைக்குமேல் மாட்டிக்கொண்டு, "ஒரு பாட்டிலயும் தொலைச்சாச்சு. நடங்க" என்று அதட்டினாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே நடந்தான். அதிருமலை முகாமில் அன்றைக்குக் கஞ்சி குடிக்கும்போது அவன் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தான். மறுநாள் போணக்காட்டுக்கு இறங்கும் வழியெல்லாம் அவன் தோளில் கைபோட்டுத் தாங்கி வந்தாள். அவன் உடம்பைச் சாய்த்துக்கொண்டானே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் பேச்சில்லை. சாப்பாட்டுத் தட்டை டொக்கென்று வைத்தான். குழம்பில் புளி கூடிப்போச்சு என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அந்த வீட்டில் ஜிஜாவின் சமையலுக்கு அவன் சொன்ன முதல் குற்றம் அது.

ரத்னபாய்க்கு மனசு பொறுக்கவில்லை. அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்த மருமகளிடம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"மக்கா, மலையில வச்சு ரெண்டு பேருக்கும் என்ன பிரச்சின? இவன் இப்பிடி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நடந்தது அஜிஷாகிட்ட மட்டும்தானே. வேற யாரிட்டயும் நான் கண்டதில்ல."

"ஒண்ணும் இல்ல மாமி" என்றாள் ஜிஜா.

மாமியார் தலை மறைந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். முகம் தானாகவே மலர்ந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.