முத்திரைத் தோல்

கோடையில் மெலிந்த பீமை ஆறு மணல்மேடுகளை விலக்கி விலக்கி வெள்ளிக்கம்பியென ஓட, கதிரவன் எழுந்து இரு நாழிகை ஆகியும், அதன் கரையில் நிரைநிரையாய் நின்ற கூடாரங்களுள் ஒன்றினின்றும் அடுப்புப்புகை எழவில்லை. பதினான்கு திங்களாகச் சம்பளம் காணாத முந்நூறு குதிரைவீரர், படைச்சம்பளம் வழங்கும் நாரோபந்தின் வாயிலை வளைத்து மூன்றாம் நாளாகப் பட்டினி அமர்ந்திருந்தனர். அமர்ந்தோர் உண்ணாதவரை அவரும் உண்ணலாகாது. கணக்குத் தீர்ந்ததென்று கடைசி வீரனும் அவர் கையால் வெற்றிலை பெறும்வரை ஒருவர்க்கும் உணவில்லை என்பது மராட்டியப் படையின் பழவழக்கு.

அன்று விடியலில் பணமூட்டைகள் வந்து சேர்ந்தன. வெயில் ஏற ஏற வெற்றிலை பெற்றவர் தொகை பெருகி, இறுதியில், போரில் குதிரையை இழந்த ராயாஜி ஒருவனே எஞ்சினான்.

சொந்தக் குதிரையொடு படைக்கு வருபவனுக்குச் சம்பளம் மிகுதி. அக்குதிரையின் தொடையில் அரச முத்திரை சுடப்படும். குதிரை போரில் மடிந்தால், முத்திரை பதிந்த தோலை அறுத்துக் கொணர்ந்து காட்டவேண்டும். காட்டினால் நிலுவையும் குதிரைவிலையும் கிடைக்கும். காட்டாதவன் குதிரையை விற்றுவிட்டான் என்றே கொள்ளப்பட்டு, படையதிகாரிகள் அக்குதிரையைக் கடைசியாய்ப் பார்வையிட்ட நாளுக்குப் பிந்திய சம்பளம் முழுதும் அற்றுப்போகும்.

“தோல் எங்கப்பா?” என்றார் நாரோபந்த், உலர்ந்த உதடுகளோடு.

“மண்ணுக்குள்ள இருக்கு, ஐயா. அவளோடயே புதைச்சிட்டேன்.”

“அறுக்கணும்னு தெரியாதா உனக்கு?”

“தெரியும். எட்டு வருஷம் என்னைச் சுமந்தவ. கத்திய எடுத்தேன், கை எழும்பல.”

அருகிருந்த தோழன் தேவ்ஜி எழுந்தான். “குழி வெட்டினதுல நானும் ஒருத்தன், ஐயா. சத்தியமாச் சொல்றேன்.”

“நீ உட்காரு. போன வருஷம் செத்துப்போச்சுன்னு நீ சத்தியம் பண்ணின குதிரை, சந்தையில நின்னு புல்லு தின்னுக்கிட்டு இருந்துச்சு. உன்னாலதான் இப்ப யாரு சாட்சியும் செல்லாதுன்னு ஆணை வந்திருக்கு.”

பசியிலும் சிலர் சிரித்தனர். தேவ்ஜி சிரிக்கவில்லை, தலை கவிழ்ந்து, “அவனுக்குக் குடுக்காம நாங்க எந்திரிக்க மாட்டோம்” என்று முணுமுணுத்தான். பலர் அதனை ஆமோதித்தனர்.

“இருங்க, நானும் இருக்கேன். ஆணையை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. ஆணை போட்டவங்க இருக்கற ஊருக்கு ஆள் போய் வர ஒம்பது நாளாகும்” என்றார் நாரோபந்த்.

ராயாஜி திரும்பி நோக்கினான். குழிந்த கண்களும் ஒட்டிய வயிறுமாய் முந்நூறு முகங்கள்; பின்வரிசையில் நரைத்த வீரனொருவன், வேரற்ற மரம்போல் மெல்லச் சாய்ந்து, பக்கத்திலிருந்தவன் மடியில் வீழ்ந்தான். தன் உரிமைக்காகப் பிறர் உயிரைத் தவணையாய்க் கட்டுவதோ என்று எண்ணினான். கடைசிப் பார்வையிடலுக்கு முந்திய ஐந்து திங்கள் சம்பளமே கிடைக்கும்; அதுவும் கடன்காரனுக்கே போகும். மறுகுதிரை வாங்க வழியில்லை. தந்தை வழியாய் வந்த குதிரைவீரன் என்னும் பெயர் இன்றோடு ஒழிந்து, நாளை காலாட்களின் வரிசையில் ஈட்டி தாங்கி நிற்கவேண்டும். யாவும் அறிந்தே அவன் கைநீட்டினான்.

“வெத்தலையைக் குடுங்க, ஐயா. என் கணக்கு தீந்துபோச்சு.”

“தீரலையேடா.”

“தீந்துபோச்சுன்னு எழுதுங்க.”

நாரோபந்த் வெற்றிலை அளித்தார். சற்றைக்கெல்லாம் கரைநெடுகப் புகை எழுந்தது. சோளரொட்டி வேகும் மணம் காற்றில் பரவியது. தேவ்ஜி முதல் ரொட்டியைக் கொணர்ந்து ராயாஜியின் கையில் வைத்தான்.

“தின்னுடா. பொய் சொன்ன என் வாய்க்கு முதல் கவளம் வேணாம்.”

கற்றறிந்தோரே, பொய்யன் விதைத்ததை மெய்யன் அறுப்பது உலகில் புதிதன்று. அறுத்ததைப் பலரோடு பகிர்ந்துண்ண இசைவோர் சிலரே. ராயாஜி அந்த ரொட்டியை இரண்டாய்ப் பிட்டு, பாதியைத் தேவ்ஜிக்குக் கொடுத்து, அவன் உண்ணும்வரை காத்திருந்தான்.